திறக்காத ஜன்னல்

கட்டட வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். மின்விசிறிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அக்காக்காரி ஒரு மூலையில் சிப்பி ஓட்டை வைத்தாள். தங்கைக்காரி எதிர்மூலையில் காய்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்றை வைத்தாள்.

அக்காக்காரி சிப்பி வளர்ப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவி. அவ்வளவு நெட்டை, வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தாள். தங்கைக்காரி பாசி வளர்ப்பவர்களுக்குத் தலைவி. மின்விசிறி சுவிட்சைப் போட மீன்பெட்டி மேல் ஏறவேண்டியிருந்தது அவளுக்கு. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இருவருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷமாகிறது.

அம்மா கடைசியாகப் படுத்தபோது, எப்படியும் தேறிவிடுவாள் என்று நம்பித் தங்கைக்காரி சொல்லி அனுப்பத் தாமதித்துவிட்டாள். அக்காக்காரி அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவள் முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை, இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நின்றதுதான்.

இப்போது இரண்டு சங்கத்துக்கும் சேர்த்து அரசாங்கம் ஒரே கட்டடம் கட்டித் தருகிறது. ஒரு பாதியில் சிப்பியை வேகவைத்துச் சதை எடுப்பார்கள். மறுபாதியில் பாசியை உலர்த்தி மூட்டை கட்டுவார்கள். இரண்டு தலைவிகளும் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் அஸ்திவாரம். போடாவிட்டால் கட்டடம் வேறு கரைக்குப் போய்விடும், இங்கே நாற்பது குடும்பம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

நான் வெறுமனே படம் போடுகிறவள். இன்ஜினியரம்மா என்று கூப்பிடாதீர்கள் என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். ஆனால் கையெழுத்து வாங்காமல் திரும்பிப் போனால் வாங்கிக் கட்டிக்கொள்வது இன்ஜினியர் இல்லை, நான்.

கட்டடத்துக்கு நடுவே ஒரு சுவர். சிப்பிப் பக்கம் எந்நேரமும் தண்ணீரும் ஆவியும். அந்த ஈரம் கொஞ்சம் வந்தாலும் மறுபக்கம் பாசியெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தரையிலிருந்து கூரைவரை முழுச் சுவர், ஒரு ஓட்டைகூடக் கூடாது என்பது விதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான கட்டடம் எங்கே கிடைக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

போன வாரம் அக்காக்காரி தனியாக என்னிடம் வந்தாள். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டுமாம். ஈரம் போகும், முடியாது என்றேன். அப்படியானால் திறக்கவே முடியாத கண்ணாடியாகப் போடச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். வெளிச்சத்துக்கு என்றாள்.

உள்சுவரில் என்ன வெளிச்சம் வரும்? யார் காதில் பூ சுற்றுகிறாள் என்று பார்த்தேன். அவள் அசையவில்லை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குமேல் மேலிடத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றேன். சரி, தரையிலிருந்து மூன்றரை அடியில் ஆரம்பித்துவிடுங்கள் என்றாள். கேட்டது யாரென்று தங்கைக்குத் தெரியவே கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தங்கைக்காரி வந்தாள். அதே சுவர், அதே திறக்காத கண்ணாடி, அதே வெளிச்சம், அதே சத்தியம். உயரம் மட்டும் வேறு. அவளுக்கு நாலரை அடியில் ஆரம்பிக்க வேண்டுமாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு ஜன்னலில்கூடவா ஆளுக்கொரு பிடிவாதம்?

அதனால்தான் இரண்டு சதுரத்தையும் பென்சிலால் லேசாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். கேட்டது யார் என்று வாய்விடாமல், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

தங்கைக்காரி மூன்றரை என்ற எண்ணையே பார்த்தாள். பிறகு என்னிடமிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றாள். தரையிலிருந்து மூன்றரை அடி வைத்தாள். அதற்குமேல் இரண்டு ஜாண் அளந்தாள். அவள் முகம் மொத்தமும் அதற்குள் அடங்கியது.

டேப் கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தப் பக்கம் அக்காக்காரி நாலரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவு உயரத்துல வச்சா அவளுக்கு எப்படி எட்டும்?" என்று என்னிடம் கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பதில் சுவரோரத்திலிருந்து வந்தது.

"நீ எத்தனை நாளைக்குக் குனிஞ்சு குனிஞ்சு பாப்பே, அக்கா? நான் பெட்டி போட்டு ஏறி நின்னுக்கறேன்."

நான் ரப்பரைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். ரப்பர் கையில்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது அக்காக்காரி கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். பேனாவை மேசைமேல் வைக்காமல் நீட்டிப் பிடித்திருந்தாள். தங்கைக்காரி வந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு சதுரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் குறுக்கே இரண்டு கோடுகள் இருந்தன. அவற்றை மட்டும் அழித்தேன். மூன்றரையில் ஆரம்பித்து ஆறு அடிவரைக்கும் ஒரே கண்ணாடியாகிவிட்டது.

இது எதற்கு என்று மேலிடத்தில் கேட்பார்கள். வெளிச்சத்துக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.