பழைய ரவுட்டர்

அச்சக முதலாளி பழைய சாமான் கடையில் வாங்கி வந்த ரவுட்டரைப் பார்த்ததும் மச்சினன் முகம் சுளித்தான்.

"எவன் கழிச்சுப் போட்டதோ! இதை நம்பினா நட்டாத்துல விட்டுரும், மாமா."

"என்ன செய்ய, மாப்ளே? புதுசு வாங்கக் காசேது? நாம விலை சொல்ற ஆர்டரையெல்லாம் எதிர்த்தெரு அச்சகக்காரன் கொஞ்சம் குறைச்சு சொல்லித் தட்டிட்டுப் போறான். நம்ம விலை அவனுக்கு எப்படித்தான் தெரியுதோ!"

"அந்தப் பாவி பேச்சை எடுக்காதீங்க. அவன் கடைப்பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல."

இணைப்புக் கொடுக்க வந்திருந்த நெட்காரர் ஒயரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. உடனே மச்சினனின் போன் டிங் டிங்கென்று அடித்தது.

"அட, நெட் வந்துருச்சு! பரவாயில்லையே!"

முதலாளிக்கு வாயெல்லாம் பல். தன் போனை எடுத்துப் பார்த்தார். "எனக்கு வரலையே?"

"பாஸ்வேர்டு கேக்கும் சார். வித்தவங்க பழசை அழிக்காமலே வித்துட்டாங்க. முன்னாடி இதுல சேர்ந்த போனுக்குத்தான் தானா வரும்," என்றார் நெட்காரர்.

முதலாளி மறுபடியும் போனைப் பார்த்தார். பாஸ்வேர்டு கேட்ட பெட்டிக்கு மேலே, எதிர்த்தெரு அச்சகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

போனை வைத்துவிட்டு ரவுட்டரைத் தடவிக் கொடுத்தார்.

"இது என்னை நட்டாத்துல விடல, மாப்ளே."