அறுநூறு மேற்கோள்

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் திருவையாற்றிலிருந்து வருவதற்குள் எதிர்வீட்டுச் செண்பகம் வந்துவிட்டாள். அவள் துருவி விசாரிக்காமல் அந்தத் தெருவில் எந்தச் சம்பந்தமும் முடிந்ததில்லை.

“மாப்பிள்ளை எலிக்காய்ச்சல் ஆராய்ச்சி டாக்டராமே, அண்ணே?”

“ஆமாம்மா. நாலு கட்டுரை எழுதியிருக்கார். அதுல ஒண்ணை அறுநூறு டாக்டருங்க மேற்கோள் காட்டியிருக்காங்க!” என்றார் கோவிந்தராசு பெருமையாக.

“மத்த மூணை?”

“ஏழெட்டுப் பேர்.”

“இடிக்குதே! மெடிக்கல் காலேஜ் லைப்ரரியில இருக்கிற என் மருமகனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த ஒண்ணை முதல்ல மேற்கோள் காட்டினவரே இவர்தானாம். தனக்குத்தானே மாலை போட்டுக்கிற ஆளுக்கா பொண்ணைக் குடுக்கறீங்க?”

கோவிந்தராசு கலங்கிப்போய் மகளைப் பார்த்தார். மைக்ரோபயாலஜி படித்த வானதி சிரித்தாள்.

“நானும் படிச்சேன் அத்தை. அந்தக் கட்டுரையோட முடிவே தப்பு. ‘இதை நம்பாதீங்க’ன்னு சொல்லத்தான் அத்தனை பேரும் மேற்கோள் காட்டியிருக்காங்க. யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே ‘நான் எழுதினது தப்பு’ன்னு முதல்ல எழுதினவர் அவர்தான். அதனாலதான் ‘அவங்களை வரச் சொல்லுங்க’ன்னு அப்பாகிட்ட சொன்னேன்.”

செண்பகம், முப்பது வருடமாக ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத தன் கணவரை நினைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“ஏண்டி வானதி, அவருக்குத் தம்பி யாராச்சும் இருக்காங்களா? எங்க சின்னவளுக்கும் பார்த்துக்கிட்டிருக்கோம்.”