சின்ன சார்ஜரே போதும்

சொந்தமாகக் கார் இல்லாத சடையப்பன், கடலூரில் எலெக்ட்ரிக் கார் சார்ஜர் விற்கிற கடைக்குள் மனைவி மாலதியோடு நுழைந்தார்.

கார் மாலதியின் தம்பி செல்வத்துடையது. சென்னையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு தடவை வேலையாகக் கடலூர் வருவான். அப்படியே கீரப்பாளையம் வந்து அக்காவைப் பார்க்காமல் திரும்ப மாட்டான்.

ஆனால் உட்கார மாட்டான்.

பஸ்ஸில் வந்த காலத்தில் ரெண்டு நாள் தங்குவான். கார் வாங்கிய பிறகு, சாப்பிட்ட கை காய்வதற்குள் எழுந்துவிடுகிறான். சார்ஜ் பத்தாது, சிதம்பரத்தில் போட்டுக்கொண்டு கிளம்பணும் என்பான்.

அப்பா, அம்மா போன பிறகு கிள்ளையில் பிறந்த வீடு என்று மாலதிக்கு எதுவும் மிச்சமில்லை. இவன் ஒருத்தன்தான். அவன் வருகிற அன்று காலையிலேயே பாய், தலையணையை வெயிலில் காயப்போடுவாள். சாயங்காலம் அப்படியே பரணில் ஏற்றுவாள். இருந்துட்டுப் போடா என்று வாய்விட்டுக் கேட்டதில்லை.

போன தடவை அவனாகவே, வீட்டில் ஒரு சார்ஜர் இருந்தால் அவசரமில்லாமல் உட்காரலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் கணவரைக் கடலூர் வரை இழுத்து வந்திருந்தாள்.

கடையில் இருந்த ரேகா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். பெரிய சார்ஜரில் மத்தியானம் மாட்டினால் சாயங்காலத்துக்குள் ஏறிவிடும். சின்னதில் மெதுவாகத்தான் ஏறும், மறுநாள் காலை ஆகிவிடும். வீட்டு லைனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, கரண்ட் ஆபீசில் லோடு கூட்டி வாங்கிக்கொண்டால் பெரியதையே போடலாம் என்றாள்.

மாலதி பெரியதைத் தொட்டுப் பார்த்தாள்.

சடையப்பன் எது எவ்வளவு நேரம் என்று இன்னொரு தரம் கேட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"சின்னதே போதும்மா. அதையே குடுத்துடு."

ரேகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

திரும்பும்போது மாலதி பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். உரக்கடை வைத்திருக்கிற மனிதர். சாக்கு கட்டி வந்த கயிற்றைக்கூட முடிச்சவிழ்த்து எடுத்து வைக்கிறவர். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இதிலுமா?

சிதம்பரத்தில் இறங்கியதும் கேட்டுவிட்டாள். "உங்க தங்கச்சி வூட்டுக்காரரு காருன்னா இப்படித்தான் பண்ணுவீங்களா?"

அவர் டீ குடிக்கிறியா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் செல்வம் வந்தான். சார்ஜரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றான். காரில் மாட்டினான். ஏறி முடிய மறுநாள் காலை ஆகும் என்று காரில் காட்டியது.

மாலதிக்குத் தம்பியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவசரமென்றால் சிதம்பரத்திலேயே போய்ப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

செல்வம் போனை எடுத்தான். வண்டியில் சார்ஜ் ஏறவில்லை, நாளைக்குத்தான் வர முடியும் என்று ஆபீசுக்குச் சொன்னான். அப்புறம் மாமாவின் கைலி ஒன்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் போய் உட்கார்ந்தான்.

மாலதி நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தாள். அவனுக்கு ரெண்டு தரம் சோறு போட்டாள். கிள்ளையில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்று பேச்சு நீண்டது. பொழுது சாய்ந்து கடையைப் பூட்டிவிட்டு வந்த சடையப்பனுக்குத் தெருவிலேயே அவள் சிரிப்பது கேட்டது. கல்யாணமான புதுசில் கேட்ட சிரிப்பு. உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார்.

அன்று பாய் பரணுக்குப் போகவில்லை.

காலையில் செல்வம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சடையப்பன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், தப்பா நெனச்சிக்காத. பெருசு போட்டா நீ சாயங்காலமே கெளம்பிடுவ. ஒங்க அக்கா மொகத்துக்காவத்தான் சின்னது போட்டேன். ஒனக்குக் கஷ்டம்னா மாத்திடறேன்."

தம்பிக்குக் கட்டிய பையோடு பின்னால் மாலதி வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

செல்வம் அக்காவையும் பார்த்தான், மாமாவையும் பார்த்தான்.

"மாத்திடாதீங்க மாமா. சிதம்பரத்துல போட்டிருந்தா நேத்து ஒரு மணி நேரத்துல கெளம்பியிருப்பேன். இங்க பெருசு வந்துட்டா, ஆபீசுக்கு என்னா சொல்லிட்டு நான் அக்காகிட்ட தங்குறது?"