விட்டுப்போன செலவு

மூன்று மாத வாடகை பாக்கி, ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். அதைப் பேசத்தான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு கதவோரம் நின்றேன்.

அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற கம்பெனி. முதலாளி ஜாபேஸ் சார். அவருக்கு அடுத்து மேனேஜர் ரேணுகாதேவி மேடம். டீ, தண்ணீர்க் கேன், கூட்டுவது, துடைப்பது எல்லாம் நான்.

சுவரில் இருந்த பெரிய திரையில் நாகஜோதி தெரிந்தாள். பரளச்சியில் இருக்கிற வீட்டிலிருந்து பேசினாள். பில் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சில மாதமாக வீட்டிலிருந்துதான் வேலை, அவளுக்கும் அப்படித்தான்.

கைக்குழந்தைக்காரி. எல்லோரும் ஆபீசுக்கே திரும்ப வர வேண்டும் என்று அன்று முடிவானால், அவள் வேலையை விட வேண்டியதுதான். பிள்ளையை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் ஆள் இல்லை.

ஆனாலும் கெஞ்சவில்லை.

"எனக்காகக் கேக்கல சார். கம்பெனிக்கு இதுல என்ன லாபம்னு மட்டும் சொல்றேன்."

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் மாடியைக் காலி செய்துவிடலாம். கட்டடக்காரர் வெள்ளத்துரையிடம் கிடக்கிற அட்வான்ஸில் பாக்கி கழிந்துவிடும். ஏசி ஓடாது, லைட் எரியாது. தினமும் அருப்புக்கோட்டைக்கு வந்துபோக முடிகிற ஆளாகத் தேட வேண்டியதும் இல்லை. படித்த படிப்போடு கல்யாணம் முடிந்து, திருச்சுழியிலும் ரெட்டியபட்டியிலும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர். வேலை பழக்கிவிட்ட பிறகு, பஸ் வசதி இல்லை என்று நின்றுபோகிறவர்களும் நிற்க மாட்டார்கள்.

மிச்சமாகிற ஒவ்வொரு செலவையும் திரையில் பட்டியலாக அடித்துக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல ஜாபேஸ் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கேயோ ஓர் ஆடு கத்தியது.

"அதுவும் நம்ம ஸ்டாஃபாம்மா?" என்றார்.

"ஆமா சார். ஆனா சம்பளம் கேக்காது."

மேடம் மட்டும் விடவில்லை. "வீட்டுல இருந்தா அடுப்பையும் பாப்பாக, பில்லையும் பாப்பாக. ரெண்டும் தீஞ்சு போகும் சார்."

"மேடம், ஆபீசுல இருந்தப்ப நாலரை பஸ்ஸுக்கு நாலு மணிக்கே பைய மாட்டிருவோம். உங்களுக்கே தெரியும். இப்ப பில்லு முடிஞ்சாத்தான் எந்திரிக்கிறோம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் நாலரை பஸ்தான்.

பிறகு நாகஜோதி இன்னொன்று கேட்டாள். வீட்டுக் கரண்டு, வீட்டு நெட்டு, இரண்டுக்கும் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும் என்றாள். கம்பெனி வேலைக்கு ஓடுகிற கரண்டு கம்பெனி கணக்கில்தானே வர வேண்டும்?

நான் மரம் வெட்டி, மண் மூடி எரித்துக் கரிமூட்டம் போட்ட காலமெல்லாம் மண்வெட்டி என்னுடையது, அரிவாள் என்னுடையது. வேலை முதலாளியுடையது. தேய்ந்த மண்வெட்டிக்குக் காசு கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இவள் முகத்துக்கு நேராகக் கேட்கிறாள்.

ஜாபேஸ் சார் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"கரண்டு, நெட்டுக்குக் கொடுத்தா மாசம் பதினோராயிரம் இடிக்குதேம்மா. மிச்சமாகுற செலவு எல்லாத்தையும் சேத்துட்டியா?"

அதுவரை எதற்கும் தயங்காதவள் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

மேடம் டீக் கோப்பைக்குள் பார்த்தார்கள். கேட்டுவிட்ட பிறகுதான் ஜாபேஸ் சாருக்கும் பிடிபட்டிருக்க வேண்டும். கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி, இருக்கட்டும். அடுத்த வாரம் பாப்போம்," என்றார்.

அடுத்த வாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பாக்கி ஏறும். வெள்ளத்துரை மாடி ஏறி வந்து சத்தம் போடுவார். இந்தப் பேச்சு அப்படியே அமுங்கிப்போகும்.

நான் தட்டை மேசையில் வைத்தேன்.

"சார், ஆபீசே இல்லேன்னா டீ கொடுக்க ஆளு எதுக்கு? என் சம்பளம் விட்டுப்போச்சு. அதையும் சேத்துக்கச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. "அண்ணே..." என்று இழுத்தார் ஜாபேஸ் சார்.

"உடம்பும் கேக்க மாட்டேங்குது சார்," என்றேன். அதுவும் பொய் இல்லை. கேன் தூக்கி மாடி ஏறினால் கரிப்புகை குடித்த நெஞ்சு இரைக்கத்தான் செய்கிறது.

நாகஜோதி குனிந்தாள். திரையில் செலவுப் பட்டியலின் அடியில் ஒரு வரி வளர ஆரம்பித்தது. ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்ததால் என்னாலும் கூடவே படிக்க முடிந்தது.

டீ, துப்புரவு. ஒரு ஆள். பதினோராயிரம்.

கணக்கு நேரானது.

ஜாபேஸ் சார் அங்கேயே வெள்ளத்துரைக்குப் போன் போட்டார். அட்வான்ஸில் பாக்கியைக் கழித்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசியில் சாவி வந்துவிடும் என்றார். அந்தப் பக்கம் சரி என்றார்கள். வாடகைக் கடன் அதோடு முடிந்தது.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே நாகஜோதிதான். ஆபீசில் மற்றவர்களைப் போல நீயும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அன்றுவரை அது தவறியதில்லை.

"சேத்துட்டேன்ப்பா," என்றாள்.

என் மகளின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.