ஆற்றைக் கடந்த பந்து

பந்து எறிகிற குரங்கு, அந்தப் பந்தைப் பல வருஷமாக ஓடிக் கவ்விப் பிடித்துவந்த கிழநாயிடம் மெல்லச் சொன்னது: “அண்ணே, உங்களை எதிர்க்கரை டீமுக்குக் கொடுத்துட்டோம்.”

“ஒரு பந்தாவது விட்டேனாடா?”

“விடலைண்ணே. அதான் பிரச்சினை. நீங்க இருக்கிறவரை என் கை உங்க பக்கமே வீசுது. நாய்க்குட்டிங்க ரெண்டும் சும்மா உங்க பின்னால ஓடுதுங்க. அதுங்க எப்பப் பிடிச்சுப் பழகுறது?”

“அங்கே எறியிறது யாரு?”

“ஆமை.”

“சரிதான். பந்து வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம்” என்ற நாய், “கடைசியா ஒண்ணு எறி” என்றது.

குரங்கு எறிந்தது. நாய் எம்பிக் கவ்வியது. பந்தைத் திருப்பித் தராமல் அப்படியே ஆற்றில் இறங்கியது.

குட்டிகள் இரண்டும், என்றைக்கும்போல, நாயின் பின்னாலேயே தண்ணீரில் குதித்தன.