களிமண் பொய் சொல்லாது

உலகத்தில் உருப்படியான காரியம் எதுவும் மில்லிமீட்டர் பார்க்காமல் நடந்ததில்லை என்று பழைய கார் சங்கத்தின் தலைவர் முழங்கினார். முழங்கும்போது அவர் கையில், பேத்தியின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த ரோஸ் நிறக் களிமண் உருண்டை ஒன்று இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செயற்குழுவினர் மூவர். தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் நாற்காலி கிடையாது. ஒருவர் டயர்மேல் உட்கார்ந்தும், இருவர் நின்றபடியும் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஊர்வலத்தில் தலைவருடைய கார்தான் முதலில் போகவேண்டும். எஞ்சினை அக்கு அக்காகப் பிரித்து, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைப் புதிதாகப் போட்டுப் பூட்டியவர், ஓரமாகக் கை துடைத்துக்கொண்டு நின்ற மெக்கானிக். பாக்கி மேல் மூடிதான். உள்ளே ஏறி இறங்கும் ராக்கர்கள் அதில் இடித்தால் போச்சு. அதனால் எட்டு ராக்கர் தலையிலும் களிமண்ணை அப்பி, மூடியை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுத் திறந்து பார்ப்பது வழக்கம். களிமண் எவ்வளவு கனம் மிஞ்சுகிறதோ, அவ்வளவு இடைவெளி.

மூடி கண்ணாடிபோல் மின்னியது. அதன் உச்சியில் தலைவரின் பெயரும் மூன்று பட்டங்களும் பொறித்த பித்தளைத் தகடு. நேற்றுத் தம் கையாலேயே பொருத்தியதை எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லி முடித்திருந்தார்.

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டு எஞ்சினை நிதானமாகச் சுற்றும்போது தலைவரின் மனைவி உள்ளே வந்தார். கையில் ஒரு கைப்பிடி.

"என்னங்க, சமையலறை அலமாரிக் கைப்பிடி கையோட வந்துடுச்சு. காலையிலேர்ந்து கரண்டியை விட்டு நெம்பித்தான் திறக்கறேன்."

இங்கே சரித்திரம் நடந்துகொண்டிருக்கும்போது அலமாரியா என்று தலைவர் கையை அசைத்தார். அம்மாள் போகவில்லை. சரித்திரத்தையும் பார்த்துவிடலாம் என்று கைப்பிடியோடு நின்றார்.

மூடியைத் தூக்கினார்கள். ஆறு ராக்கர்களில் களிமண் வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்றாவதிலும் ஆறாவதிலும் மட்டும் பென்சிலால் குத்தினாற்போல் ஆளுக்கொரு பள்ளம். அடியில் இரும்பு தெரிந்தது.

செயலாளர் "உச்" கொட்டினார்.

"ராக்கரை ஏத்திப் பூட்டியிருக்கே. என்ன வேலைப்பா இது?" என்றார் தலைவர்.

போன வாரம் இதே மூடியை இதே மாதிரி வைத்துப் பார்த்ததாகவும், எட்டிலும் விரல் நுழைகிற அளவு இடம் இருந்ததாகவும் மெக்கானிக் அடக்கமாகச் சொன்னார்.

"அப்போ நான் பொய் சொல்றேனா? என்னை விடு. களிமண் பொய் சொல்லுமா?"

இந்தக் கேள்வி தமக்கே பிடித்துப்போனதால் தலைவர் அதை இன்னொரு தரம் கேட்டார். பிறகு செயற்குழுவைப் பார்த்துத் திரும்பி, சங்கத்தின் பதினான்கு கார்களில் ஒன்றுகூட இனி இந்த ஆள் கைக்குப் போகக்கூடாது, இன்றைக்கே தீர்மானம் எழுதுங்கள் என்றார். செயலாளர் பேனாவைத் தேடி எடுத்துத் திறந்தார். மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. மூன்று மாதமாக அவர் பார்த்ததெல்லாம் இந்தச் சங்கத்து வேலைதான்.

"எழுதுறதுக்கு முந்தி மூடியை ஒரு தடவை கவுத்துப் பாத்துடலாம் சார்" என்றார்.

"தாராளமா பாரு. எல்லாரும் கிட்ட வந்து பாருங்க."

மெக்கானிக் மூடியைக் கவிழ்த்தார். பித்தளைத் தகட்டுக்கு நேர் உள்பக்கம், மூடியைத் துளைத்துக்கொண்டு இரண்டு கூர்முனைகள் விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் துளி ரோஸ் களிமண்.

செயற்குழு குனிந்து பார்த்தது. செயலாளர் பேனாவை மூடினார். கடைசியாகத் தலைவரின் மனைவி எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கைப்பிடியின் ஓட்டைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என் அலமாரி ஸ்க்ரூ ரெண்டும் இங்கதான் இருக்கு."