இறுகும் வரிசை

தாடை இளக்கமாக இருந்தது.

அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

விடிகாலையில் கணவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். தெருக்கோடி கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

இப்போது மணி பன்னிரண்டு.

பத்தொன்பது வருடம் பிணவறையில் வேலை பார்த்தவள் அவள். உடம்பு இறுகுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இமை. பிறகு தாடை, கழுத்து, தோள், முழங்கை. கால் கடைசியில். தாடை இறுக நாலு மணி நேரம் போதும்; ஆனி வெயிலில் எல்லாமே இன்னும் சீக்கிரம் நடக்கும்.

தசை இறுகிக் கிடக்க உயிர் வேண்டாம். தளர்வதற்குத்தான் வேண்டும்.

அவர் முழங்கையை மடக்கினாள்.

மடங்கியது.

அவளுடைய இடது கை அப்படி மடங்காது. கல்யாணமான இரண்டாம் வருடம் அவர் முறித்தது. கோணலாகக் கூடிய எலும்பு அப்படியே கெட்டிப்பட்டுவிட்டது. படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

கல்லு மனுஷன் என்பார்கள் தெருவில். போன வருடம் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வந்த மகளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

மகள் நாலு மணிக்கு வருகிறாள். இன்று உள்ளே வரலாம்.

அதுவரை வைக்க ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியிருந்தது. அவள் பார்க்காத பிணமா என்று வெளியே யாரோ முணுமுணுத்தார்கள்.

கொழுந்தன் தனபாலன் உள்ளே வந்து தள்ளியே நின்றான். அண்ணனைத் தொட அவனுக்கு இன்றைக்கும் பயம்.

“அண்ணி, உங்களுக்குத்தான் கைப்பழக்கம். பாத்துச் சொல்லுங்க. வச்சிரலாமா?”

அவள் கழுத்தோரம் தொட்டாள். இளஞ்சூடு.

வெயிலாகவும் இருக்கலாம்.

“விறைச்சிருச்சு தம்பி. தூக்குங்க.”

நாலு பேர் தூக்கினார்கள். தலை ஒரு பக்கமாகத் துவண்டது. அவள் பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். அழுகிறாள் என்று நினைத்து எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூடி இறங்கியது. மோட்டார் உறுமத் தொடங்கியது.

கண்ணாடியின் உள்பக்கம், வாய்க்கு நேரே, குங்குமப் பொட்டு அளவுக்கு ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

அவள் யாரோ மூடிமேல் போட்ட ரோஜா மாலையை நகர்த்தி அந்த இடத்தின்மேல் வைத்தாள்.